உருகாமல் ஓடிய கல்

கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், மதுரைப் பக்கத்துக் குவாரிகளில் வெட்டி, மெருகேற்றி, நம் சமையல் மேடைகளிலும் வங்கி வாசற்படிகளிலும் பதிக்கிற கற்கள் எல்லாவற்றையும் கடைக்காரர் கிரானைட் என்றே விற்கிறார். அவற்றில் கணிசமானவை கிரானைட் இல்லை; நைஸ் எனப்படும் உருமாறிய பாறை. அசல் கிரானைட்டில் புள்ளிகள் எத்திசையிலும் ஒரே மாதிரி சிதறிக் கிடக்கும். நைஸிலோ வெள்ளையும் கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் பட்டைகள் ஓடும். அவை நேராகப் போகாமல் வளைந்து நெளிந்து, சில இடங்களில் வந்த வழியே முழுக்கத் திரும்பியும் போகும். பார்ப்பவருக்கு முதலில் தோன்றும் விளக்கம், இது ஒரு காலத்தில் உருகிக் குழம்பாக ஓடி அப்படியே உறைந்துபோனது என்பதுதான். இன்னும் கொஞ்சம் யோசிப்பவர், சேறாக இருந்தபோதே மடிந்து பின்னால் இறுகியிருக்கும் என்பார். இரண்டு ஊகங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: கல் உடையும், வளையாது. சுத்தியல் பிடித்த கை எதுவும் இதை மறுக்காது. ஆனால் இந்தப் பட்டைகளில் பெரும்பாலானவை மடிந்த காலத்தில் பாறை திடமாகவே இருந்தது. உருகாமல், சேறாகவும் இல்லாமல், படிகங்களாக இருந்துகொண்டே ஓடியது. கேட்டவுடன் நம்ப முடியாத இந்தச் செய்தியை நிறுவுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. நிறுவிவிட்டால் கூடவே இன்னொன்றும் கிடைக்கும். பாறையில் நாம் காணும் வளைவுகளும் கண்களும் முடிச்சுகளும், எந்த அடுக்கு எதைவிட விறைப்பாக இருந்தது, எந்தத் திசையில் அழுத்தம் வந்தது என்பதைப் படித்தறியக்கூடிய பதிவுகள் ஆகிவிடும்.

மடிப்பு என்றால் என்ன நடந்திருக்கிறது என்ற கேள்விக்கு முதல் நல்ல விடை ஸ்காட்லாந்தில் கிடைத்தது. 1788இல் ஜேம்ஸ் ஹட்டன், ஜான் பிளேஃபேர் இருவரோடும் கிழக்குக் கரையோரமாகப் படகில் போன சர் ஜேம்ஸ் ஹால், அங்குள்ள செங்குத்துக் கரைகளில் பாறை அடுக்குகள் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து கிடப்பதைக் கவனித்தார். கீழிருந்து ஏதோ ஒன்று உந்தித் தள்ளியதால் அடுக்குகள் நிமிர்ந்தன என்று சொல்லிவிட்டுப் போவது அக்காலத்தில் எளிது. ஹால் வேறு வழியில் போனார். மேசையில் பல துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றி, இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கினார். கடற்கரையில் கண்ட அதே வளைவுகள் துணியில் வந்தன. பிறகு களிமண் அடுக்குகளிலும் செய்து பார்த்தார். 1815இல் வெளியான அந்தக் கட்டுரையின் சாரம் இன்றைக்கும் நிற்கிறது: அடுக்குகள் மடிந்திருந்தால் அந்த நிலப்பரப்பு பக்கவாட்டில் குறுகியிருக்கிறது. மடிப்புகளை மனத்தில் நீட்டி விரித்துப் பார்த்தால் எவ்வளவு குறுகியது என்பதைக்கூட ஓரளவு கணக்கிடலாம். ஆனால் ஹாலின் சோதனை பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொன்னது. துணியும் களிமண்ணும் நெகிழ்வானவை. கல் எப்படி அவற்றைப்போல் நடந்துகொண்டது என்பதை அவை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

ஆகவே சேறு மடிந்தது என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதைப் பழித்துத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் சில இடங்களில் அதுதான் உண்மை. கடலடிச் சரிவில் படிந்த ஈர வண்டல், நிலநடுக்கம் வந்தாலோ தன் சுமை தாளாமலோ வழுக்கி, சுருண்டு, பிறகு கல்லாக இறுகுவதுண்டு. அப்படிப்பட்ட மடிப்புகளுக்கு மேலும் கீழும் அடுக்குகள் குலையாமல் நேராக இருக்கும். சுருண்ட பகுதியின் தலையை அடுத்து வந்த வண்டல் சீவிவிட்டதுபோல் மூடியிருக்கும். இது ஒரு வகை, அடையாளமும் தெளிவு. மலைத்தொடர்களின் மடிப்புகள் இந்த வகையில் அடங்குவதில்லை. வேல்ஸ் நாட்டின் சிலேட்டுக் கற்களில் சிறு பச்சைப் புள்ளிகள் உண்டு. சிவந்த சேற்றில் இரும்பின் நிறம் ஆங்காங்கே வெளுத்துப்போனதால் உண்டானவை, உண்டானபோது உருண்டை. ஹென்றி சோர்பி 1853இல் சுட்டிக்காட்டியபடி, மடிந்த சிலேட்டில் இவை தட்டையான நீள்வட்டங்களாக நசுங்கியிருக்கின்றன. அதே பாறைகளில் பண்டைய கடலுயிர்களான டிரைலோபைட்டுகளின் புதைபடிவங்கள் ஒரே திசையில் கோணலாக இழுபட்டுக் கிடக்கின்றன. இவற்றைவிடக் கறாரான சாட்சி அமெரிக்காவின் மேரிலாந்தில் இருக்கிறது. அங்குள்ள சவுத் மவுண்டன் மடிப்பில் இருக்கும் சுண்ணாம்புக்கல், கடலலையில் உருண்டு உருண்டு திரண்ட மணி மணியான குண்டுத் துகள்களால் ஆனது. எர்ன்ஸ்ட் குளூஸ் 1947இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மணிகளை இடத்துக்கு இடம் அளந்தார். உருண்டையாகப் பிறந்த மணிகள் நீள்வட்டமாகி இருந்தன. மடிப்பில் எந்த இடம் என்பதைப் பொறுத்து நீட்சியும் ஒழுங்காக மாறியது. யோசித்துப் பாருங்கள். பாறை அப்போது தளர்ந்த மணலாகவோ சேறாகவோ இருந்திருந்தால் மணிகள் ஒன்றையொன்று விலக்கி வழுக்கிப் போயிருக்கும். ஒவ்வொன்றும் தன் உருண்டை வடிவத்தோடு தப்பியிருக்கும். மணியே நசுங்கியிருக்கிறது என்றால் மணியும் அதைச் சுற்றியிருந்த பிணைப்பும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில் இருந்தன; அதாவது அது அப்போதே கல்.

உருகியது என்ற வாதத்துக்கு வருவோம். தமிழகத்து நைஸ்களையே எடுத்துக்கொண்டால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. நம் பாறைகளில் பல, 25 முதல் 35 கி.மீ. ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்தவை. வடக்குப் பகுதிகளில் இது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பெருமளவு 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் நடந்தது. ஈரம் இருந்தால் கிரானைட் போன்ற பாறை 650 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கும். ஆகவே நம் கற்கள் சிலவற்றில் உருகிய சாறு கசிந்து வெள்ளைப் பட்டைகளாகத் தேங்கியது மெய்தான். ஆனால் கசிவு வேறு, குழம்பு வேறு. மொத்தமும் உருகியிருந்தால் பட்டைகள் கரைந்து கலந்திருக்கும். விரல் தடிமனுள்ள வரி பல மீட்டர் தூரம் அறுபடாமல், மடிப்பைச் சுற்றித் திரும்பியும் தன் அடையாளத்தை இழக்காமல் ஓடாது. இன்னும் நேரடியான சான்று குவார்ட்ஸ் நரம்புகளில் இருக்கிறது. பாறை வெடிப்புகளில் சுடுநீர் பாய்ந்து படியவைத்த தூய குவார்ட்ஸ் அது. வெண்மையான அந்த நரம்புகள் சுருள் சுருளாக மடிந்து கிடப்பதை எந்த உருமாறிய பாறைப் பகுதியிலும் பார்க்கலாம். தூய குவார்ட்ஸ் உருக ஏறக்குறைய 1700 டிகிரி வேண்டும். புவி மேலோட்டின் அடிமட்டத்தில்கூட வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். நரம்பு இருக்கிறது என்றால் அதற்கு முன்பே விரிசல் விடும் அளவுக்கு இறுகிய பாறை இருந்திருக்கிறது. நரம்பு மடிந்திருக்கிறது என்றால் உருகாமலே மடிந்திருக்கிறது. சேறு, குழம்பு ஆகிய இரண்டு ஊகங்களையும் இந்த ஒரு வெள்ளைக்கோடு முடித்துவைக்கிறது. இதைவிடச் சிக்கனமான ஆதாரம் புவியியலில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

திடமான கல் ஓடும் என்பதைக் கண்ணெதிரே காட்டியவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தார்கள். மான்ட்ரியலில் ஃபிராங்க் ஆடம்ஸும் ஜான் நிக்கல்சனும் சலவைக்கல் உருளையை இரும்புக் குழாய்க்குள் இறுகப் பொருத்தி, இரு முனையிலும் அழுத்தினார்கள். குழாய் நடுவில் உப்பியது. உள்ளிருந்த சலவைக்கல்லும் உடையாமல் அதனோடு உப்பியது. 1901இல் இதை வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்து, பின்னாளில் விமானவியலில் பெரும்பெயர் பெற்ற தியோடர் ஃபான் கார்மன், கராரா சலவைக்கல்லைச் சுற்றிலும் திரவ அழுத்தம் கொடுத்து நசுக்கினார். சாதாரண வளிமண்டலத்தில் அது நொறுங்கியது. சுற்றழுத்தத்தை ஏற்ற ஏற்ற, நொறுங்குவது நின்று பருத்துக் குட்டையானது. காரணம் எளிது. கல் உடைய வேண்டுமானால் அதில் விரிசல் திறக்க வேண்டும். விரிசல் திறக்க இடம் வேண்டும். எல்லாப் பக்கத்திலிருந்தும் நெருக்கினால் அந்த இடம் கிடைக்காது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ 270 வளிமண்டல அளவு நெருக்கம் கூடுகிறது. வெப்பமும் 25 முதல் 30 டிகிரி ஏறுகிறது. விரிசலின் வழி அடைபட்டு, வெப்பம் படிகத்துக்குள் வேறொரு வழியைத் திறந்துவிடும்போது பாறை ஓடத் தொடங்குகிறது.

அந்த வேறொரு வழி என்ன என்பது உலோகங்களை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசை முழுவதையும் பக்கத்து வரிசைமேல் ஒரே நேரத்தில் நகர்த்தக் கணக்குப்படி தேவைப்படும் விசை, உண்மையில் ஓர் உலோகப் படிகம் வளைந்துகொடுக்கும் விசையைவிடப் பல நூறு மடங்கு அதிகம். இந்தப் பெரிய இடைவெளியை 1934இல் ஜெஃப்ரி டெய்லர், எகோன் ஓரோவான், மைக்கேல் பொலானி மூவரும் தனித்தனியே ஒரே விதமாக விளக்கினார்கள். எந்தப் படிகமும் குறையில்லாதது இல்லை. அணு வரிசைகள் சரியாகப் பொருந்தாத கோடுகள் அதற்குள் இருக்கின்றன. கூடம் முழுக்க விரித்த பவானி ஜமக்காளத்தை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் அசையாது; ஒரு பக்கத்தில் சிறு சுருக்கத்தை உண்டாக்கி, அதை மறுபக்கம் வரை தள்ளிக்கொண்டே போனால் ஜமக்காளம் முழுவதும் அந்தச் சுருக்கத்தின் அளவு நகர்ந்துவிடும். பொருந்தாக் கோடும் படிகத்துக்குள் இப்படித்தான் பயணம் செய்கிறது. ஒரு நேரத்தில் சில பிணைப்புகள் மட்டுமே அறுந்து மீண்டும் ஒட்டுகின்றன, படிகம் எந்தக் கணத்திலும் படிகமாகவே இருக்கிறது. கோடுகள் பெருகிச் சிக்கிக்கொள்ளும்போது படிகம் விறைக்கும். வெப்பம் போதுமானதாக இருந்தால் சிக்கல் அவிழும். சிக்கலான பெரிய படிகம் சிதைந்து, குறையற்ற சின்னஞ்சிறு புதுப் படிகங்களாக மறுபிறவி எடுக்கும். குவார்ட்ஸுக்கு இது ஏறக்குறைய 300 டிகிரியில் இயல்பாகிறது. கிரானைட்டிலும் நைஸிலும் குவார்ட்ஸோடு சேர்ந்திருக்கும் கனிமமான ஃபெல்ஸ்பாருக்கு 450 டிகிரியாவது வேண்டும். ஆகவே 400 டிகிரியில் மடிந்த ஒரு கைப்பிடிக் கல்லில், குவார்ட்ஸ் நாடாவாக ஓடியிருக்க, அதன் நடுவே ஃபெல்ஸ்பார் துண்டு துண்டாக உடைந்து கிடப்பதைப் பார்க்கலாம். உடைவதும் ஓடுவதும் பாறையின் இரண்டு சாதிகள் என்ற எண்ணத்தை இந்த ஒரு கல் குலைத்துவிடுகிறது.

ஈரத்தின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1965இல் டேவிட் கிரிக்ஸும் ஜேம்ஸ் பிளாசிக்கும் வெளியிட்ட சோதனையில், நன்கு உலர்ந்த குவார்ட்ஸ் வெப்பத்திலும் வியப்பூட்டும் வலிமையோடு நின்றது. படிகத்துக்குள் சிறிதளவு நீர் புகுந்திருந்த குவார்ட்ஸ் அதே வெப்பத்தில் எளிதில் நெகிழ்ந்தது. பாறையின் வலிமை இவ்வளவு என்று ஓர் எண்ணை எழுதிவைப்பது எவ்வளவு அரைகுறையான காரியம் என்பது இதிலிருந்து புரியும். எந்த ஆழம், எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம், என்ன வேகம் என்று நான்கையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

பாறை ஓடியதை உடைந்ததாகத் தவறாகப் படித்த வரலாறும் உண்டு. ஸ்காட்லாந்தின் வடமேற்கில், பழைய பாறைகள் இளைய பாறைகள்மேல் ஏறி அமர்ந்திருக்கின்றன. மோயின் பிளவு என்று பெயர்பெற்ற அந்தத் தளத்தின் மேல் பாறைத் திட்டுகள் பல பத்துக் கிலோமீட்டர் மேற்கே தள்ளப்பட்டன. அடியிலிருப்பது இளையது என்பதைப் பெரிய அறிஞர்களே ஒப்புக்கொள்ளாமல் பல்லாண்டுகள் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்க உதவிய சார்லஸ் லேப்வொர்த், தளத்தை ஒட்டி மெல்லிய வரிகளோடு கிடந்த மாவு மாவான பாறைக்கு 1885இல் மைலோனைட் என்று பெயரிட்டார். பெரும் பாறைத் திட்டு நகர்ந்தபோது அரைபட்ட தூள் என்பது அவர் கருத்து. அந்தப் பெயரிலும் அரவை உண்டு. துகள்கள் அவ்வளவு நுண்ணியவையாக இருந்தால் வேறென்ன நினைப்பது? ஆனால் 1970களில் நுண்ணோக்கியின் கீழும் மின்னணு நுண்ணோக்கியிலும் அந்தத் துகள்களைப் பார்த்தவர்கள், உடைந்த விளிம்புகளைக் காணவில்லை. முன்பு சொன்ன மறுபிறவிப் படிகங்களைக் கண்டார்கள். பெரிய படிகங்கள் ஓடி ஓடியே சிறுத்திருந்தன. லேப்வொர்த் வைத்த பெயர் நிலைத்தது, விளக்கம் தலைகீழானது. தமிழகத்தில் மோயாறு, பவானி ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டி ஓடும் நறுக்கு மண்டலங்களிலும், அதாவது இரு பக்கப் பாறைகளும் எதிரெதிராக நழுவிய பட்டைகளிலும், இதே வகைப் பாறைகள் நீண்ட பட்டைகளாகக் கிடக்கின்றன. நீலகிரியின் விளிம்பு அவ்வளவு நேர்க்கோடாக இருப்பதற்கு இந்த மண்டலங்களுக்கும் பங்குண்டு.

இனி மிகக் கனமான ஆட்சேபம். ஆய்வகத்தில் ஒரு கல்லை நசுக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மணிக்கணக்கு, மிஞ்சினால் மாதக்கணக்கு. மலைகள் மடிவது லட்சக்கணக்கான ஆண்டுகளில். இயற்கையில் வழக்கமான வேகத்தில் ஒரு பாறைத்துண்டு பாதியாகக் குறுகச் சுமார் 16 லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். ஆய்வக வேகத்துக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய நூறு கோடி மடங்கு வித்தியாசம். அவசரத்தை ஈடுகட்ட ஆய்வாளர்கள் வெப்பத்தை ஏற்றிவிடுகிறார்கள். உயர் வெப்பத்தில் விரைவாக நடந்ததும் தாழ் வெப்பத்தில் மெதுவாக நடந்ததும் ஒன்றுதானா என்று கேட்பவரை நான் குறைசொல்ல மாட்டேன். பதில் மூன்று திசைகளிலிருந்து வருகிறது. முதலாவது, தடயம். ஆய்வகத்தில் நசுங்கிய குவார்ட்ஸிலும் மலையில் நசுங்கிய குவார்ட்ஸிலும் நுண்ணோக்கி காட்டும் உட்சிக்கல்களும் புதுப் படிகங்களும் ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டாவது, நம் கண்முன்னேயே ஓடும் திடப்பொருள்கள். பனிக்கட்டி ஒரு கனிமம். பனியாறு அதனால் ஆன ஒரு பாறை. அது உருகாமலே பள்ளத்தாக்கில் இறங்குவதையும், அதன் அடுக்குகள் மடிவதையும் அளக்கலாம். 1950களில் ஜான் கிளென் ஆய்வகத்தில் கண்ட விதி, அழுத்தம் இரட்டித்தால் ஓட்டம் ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்ற விதி, பனியாறுகளுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. ஈரானின் ஜாக்ரோஸ் மலைகளில் கல்லுப்பு நிலத்தைத் துளைத்து வெளிவந்து, சரிவில் ஆறாக இறங்குகிறது. மழைக்குப் பின் அது நகர்வதும் உலரும்போது பின்னடைவதும் 1980இல் வெளியான அளவீடுகளில் பதிவாகியிருக்கின்றன. மூன்றாவது சான்று மிகப் பெரியது. கடைசிப் பனிக்காலத்தில் ஸ்காண்டிநேவியாவின் மேல் மூன்று கிலோமீட்டர் வரை பனி கிடந்தது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும், பாரம் நீங்கிய நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. பொத்னியா வளைகுடாக் கரையில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. மேலோட்டுக்குக் கீழிருக்கும் கவசப் பாறை ஓடிவந்து இடத்தை நிரப்பினால் ஒழிய இது நடக்காது. நார்மன் ஹாஸ்கெல் 1935இல் இந்த எழுச்சியிலிருந்து கவசத்தின் பாகுத்தன்மையைக் கணக்கிட்டார்: நீரைவிட, ஒன்றுக்குப் பின்னால் 24 சுழியங்கள் போட்டால் வரும் மடங்கு அதிகம். அதே கவசத்தின் வழியாக நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் தடையின்றிப் போகின்றன. திரவத்தில் அவை போகவே முடியாது. நிலநடுக்க அலைக்கு அது கட்டியான கல். பனியின் பாரத்துக்கு அது மெல்ல ஓடும் பொருள். இரண்டும் ஒரே பாறை, வேறுபட்டது நேரம் மட்டும். ஆகவே ஓடும் முறை பற்றி ஐயமில்லை என்பதே என் முடிவு. எந்தப் பாறை எந்த ஆழத்தில் எத்தனை அழுத்தத்துக்கு எத்தனை வேகத்தில் ஓடும் என்ற எண்களில் மட்டும் தாராளமாக ஐயப்படலாம். அவை பத்து மடங்கு முன்பின் இருந்தால் வியப்பில்லை.

ஓடுவது உறுதியானால், ஓட்டம் ஏன் படமாகிறது என்ற கேள்வி எழுகிறது. முழுக்க ஒரே சீரான பாறையை எவ்வளவு நசுக்கினாலும் அது மடியாது. தடித்துக் குறுகும், அவ்வளவுதான். மடிப்பு வர வேண்டுமானால் விறைப்பில் வித்தியாசம் வேண்டும். நெகிழ்ந்த பாறைக்கு நடுவே விறைப்பான அடுக்கு ஒன்று இருந்து, நீளவாக்கில் நெருக்கினால், விறைத்தது தடிக்க மறுத்து வளைகிறது. நீண்ட அலையாக வளைந்தால் சுற்றியிருப்பதை அதிகம் தள்ள வேண்டும். குறுகிய அலையாக வளைந்தால் தானே அதிகம் வளைய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் செலவு குறைந்த ஓர் அலைநீளம் உண்டு. மாரிஸ் பயோ 1961இல் இதைக் கணக்காக எழுதினார். அலைநீளம் அடுக்கின் தடிமனுக்கு நேர்விகிதம். விறைப்பு வித்தியாசத்தின் கனமூலத்துக்கும் நேர்விகிதம். அடுக்கு 48 மடங்கு விறைப்பாக இருந்தால் அலைநீளம் தடிமனைப்போல் பன்னிரண்டரை மடங்கு வரும். ஒரே பாறை முகத்தில் மெல்லிய நரம்பு நெருக்கமாகச் சுருங்கியிருக்க, பக்கத்துத் தடித்த அடுக்கு ஒன்றிரண்டு பெரிய வளைவுகளோடு நின்றுவிடுவதன் காரணம் இதுவே. அழகான கோட்பாடு, ஆனால் களத்தில் இடறியது. 1968இல் ஷெர்வினும் சாப்பிளும் சிலேட்டுக்குள் மடிந்த குவார்ட்ஸ் நரம்புகளை அளந்தபோது அலைநீளம் தடிமனின் சில மடங்கே இருந்தது. அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் விறைப்பு வித்தியாசம் மிகச் சொற்பம் என்று வருகிறது. அவ்வளவு சொற்பமான வித்தியாசத்தில் மடிப்பு வளரவே வளராது. கோட்பாட்டைத் தூக்கியெறிய இது போதும் என்று ஒருவர் சொல்லலாம். அதைக் காப்பாற்றியது படிகங்களின் குணம். பயோவின் கணக்கு, அழுத்தம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் பொருளுக்கு எழுதப்பட்டது. படிகம் அப்படி ஓடுவதில்லை. கிளென் பனியில் கண்டதுபோல், இரட்டித்த அழுத்தத்துக்கு எட்டு மடங்கு பாய்கிறது. அதைக் கணக்கில் சேர்த்து 1970களில் ரேமண்ட் ஃபிளெட்சர் முதலியோர் மீண்டும் எழுதியபோது, குறைந்த வித்தியாசத்திலும் மடிப்பு விரைவாக வளர்ந்தது. அலைநீளமும் களத்தோடு நெருங்கியது. மடிப்பின் வடிவமே அணுவளவில் நடந்த ஓட்டத்துக்குச் சாட்சி சொன்னது.

இதே விறைப்பு வித்தியாசம், நெருக்குவதற்குப் பதில் இழுத்தால், வேறு படத்தைத் தருகிறது. விறைத்த அடுக்கு நீள மறுத்து, இடையிடையே இடுப்புப்போல் மெலிந்து, பிறகு வரிசையான கட்டிகளாக அறுகிறது. இடைவெளிகளில் நெகிழ்ந்த பாறை புகுந்து நிரப்புகிறது. மடிப்பையும் கட்டி வரிசையையும் சேர்த்துப் பார்த்தால் எத்திசையில் நெருக்கம், எத்திசையில் நீட்சி என்று ஒரே பாறை முகத்தில் படித்துவிடலாம். இரண்டு பாறைகள் சந்திக்கும் எல்லை அலையாக நெளிந்திருந்தால், அதன் கூர்முனைகள் விறைத்த பக்கத்தை நோக்கிக் குத்தும். உருண்ட பக்கம் நெகிழ்ந்த பாறைக்குள் பிதுங்கும். எந்தக் கருவியும் இல்லாமல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் எது எதைவிட விறைப்பாக இருந்தது என்று சொல்ல இது போதும். ஒருமுறை மடிந்த பாறை வேறு திசையில் மறுபடி மடிந்தால் படம் சிக்கலாகும். மேடும் பள்ளமுமாக, பிறைகளாக, கொக்கிகளாக வரும் இந்தக் கூட்டு வடிவங்களை ஜான் ராம்சே 1960களில் வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் வந்த இரண்டாம் மடிப்பின் விளைவு என்று காட்டினார். மெருகேற்றிய பலகைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமிடும் கண் வடிவங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரே திசையில் நெடுந்தூரம் நறுக்குண்ட பாறையில் மடிப்பின் நுனி விரல்போல் நீண்டுவிடும். அதைக் குறுக்கே அறுத்தால் கண் தெரியும். இவ்வகைப் படத்தைச் சூடான குழம்பின் சுழல் என்று விற்பனையாளர் வர்ணிப்பது வழக்கம். சுழலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆழத்தில் பாறை ஓடுமென்றால் அங்கே நிலநடுக்கம் எதற்கு? கண்டப் பகுதிகளில் பெரும்பாலான நடுக்கங்கள் மேல் 15 கி.மீ. அளவோடு நின்றுவிடுகின்றன, குவார்ட்ஸ் ஓடத் தொடங்கும் வெப்பம் அங்கேதான் வருகிறது. இது வாதத்துக்கு ஆதரவு. ஆனால் கியோ வடாட்டி 1928இல் ஜப்பானுக்கு அடியில் பல நூறு கிலோமீட்டர் ஆழத்து நடுக்கங்களை உறுதிப்படுத்தினார், 700 கி.மீ. வரை அவை நிகழ்கின்றன. அவை நிகழும் இடம் கடலடித் தட்டுகள் கவசத்துக்குள் அமிழும் பாதை. வேகமாக இறங்கும் குளிர்ந்த தட்டு உள்ளே சூடேற நெடுங்காலம் பிடிக்கும். அங்கே விரிசலின் வழியை எது திறக்கிறது, கனிமங்கள் விட்டுக்கொடுக்கும் நீரா, கனிமமே திடீரென்று வடிவம் மாறுவதா என்ற விவாதம் முடியவில்லை. வேகம் கூடினால் ஓடும் பாறையும் உடையும் என்பதற்கு நம்மூர்ச் சான்றும் உண்டு. சேலம் மாவட்டம் கெங்கவல்லிப் பக்கத்து நறுக்கு மண்டலத்தில் கறுத்த கண்ணாடி போன்ற மெல்லிய நரம்புகள் பாறையைக் கிழித்துக்கொண்டு ஓடுகின்றன. நொடிகளில் நடந்த வழுக்கலின் உராய்வுச் சூட்டில் பாறையே உருகி உறைந்த தடயம் அவை. பழைய நிலநடுக்கங்களின் எச்சம். மெதுவாக ஓடி ஓடிப் பதப்பட்ட அதே பாறை, மேலேறிக் குளிர்ந்த பிறகு, ஒரு நாள் படீரென்று அறுந்திருக்கிறது.

இந்த இரண்டு நடத்தைகளும் இன்று ஒன்றன்மேல் ஒன்றாக இயங்கும் இடம் இமயமலை. மலையின் தென்விளிம்பிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வடக்கு வரை, 15 முதல் 20 கி.மீ. ஆழம் வரை, இந்தியத் தட்டுக்கும் மலைக்கும் இடையிலான தளம் பூட்டிக்கிடக்கிறது. அதற்கு வடக்கே, இன்னும் ஆழத்தில், வெந்த பாறை நடுக்கமின்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. செயற்கைக்கோள் வழி இயங்கும் ஜிபிஎஸ் நிலையங்கள் நேபாளத்தில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் குறுக்கத்தைக் காட்டுகின்றன. கீழே ஓடுவது மேலே பூட்டியிருப்பதன்மேல் கடனாக ஏறுகிறது. 2015 ஏப்ரல் 25இல் கோர்க்காவில் 7.8 அளவில் வந்த நடுக்கம் அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தது. வழுக்கல் மலையடிவாரத்தில் தரைமட்டம் வரை வராமலே நின்றுவிட்டது. மேற்கு நேபாளத்தில் 1505இல் பெருநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. அதற்கு ஈடான ஒன்று அங்கே பிறகு வரவில்லை. ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் ஐந்து நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருப்பது பத்து மீட்டர்.